வாத்திய மூலம்

நதி மூலமும் ரிஷி மூலமும் விசாரிக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். விசாரித்தால் இருக்கிற மரியாதையும் போய்விடும் என்பது அதன் உட்கருத்து. வாத்திய மூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அதை விசாரிப்பதில் தோஷம் இல்லை என்று வைத்துக்கொண்டு இதை எழுதத் துணிகிறேன். நான் விசாரித்த வரையில் மரியாதை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மரியாதை போய்ச் சேர வேண்டிய விலாசம்தான், வாத்தியத்தின் மேல் எழுதியிருக்கும் விலாசமாக இருப்பதில்லை.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு வில்லங்கச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. வீடு யார் யார் கையில் இருந்தது, எப்போது அடமானம் போயிற்று, எப்போது மீண்டது என்பதையெல்லாம் சர்க்கார் முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பழைய மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். பழைய வாத்தியம் வாங்குகிறவனுக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயரும், விற்கிறவர் வாயிலிருந்து வருகிற கதையும்தான் அவனுக்குப் பத்திரம், பட்டா எல்லாம். இந்த இரண்டில் எது அதிகமாகப் பொய் சொல்லும் என்று கேட்டால், பெயர்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

பிடிலையே எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை எடுத்து நம் ராகங்களை வாசித்துக் காட்டிய பிறகு, அது சீமை வாத்தியம் என்ற நினைவே நமக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த வித்வான் ஒருவர் வீட்டில் அவருடைய தாத்தா காலத்துப் பிடில் ஒன்று இருக்கிறது. அதன் துளை வழியாக டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பேறிய காகிதம் ஒன்று தெரியும். 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா' என்று லத்தீனில் அச்சிட்டு, பக்கத்தில் ஒரு வருஷமும் போட்டிருக்கும். வீட்டார் அதைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

இத்தாலியில் கிரெமோனா நகரத்தில் வாழ்ந்து 1737-ல் காலமான ஸ்ட்ராடிவாரியின் கைவேலைகளில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 650. அவருடைய பெயர்ச் சீட்டைத் தாங்கிய பிடில்களோ உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இதை முழுக்க முழுக்க ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. 'அந்த மகான் வகுத்த மாதிரியில் செய்தது' என்பதுதான் சீட்டுக்கு அர்த்தம். கடையில் சில ரூபாய்க்கு வாங்கினவருக்கு அது தெரியும். பேரப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாமல் போய்விடுகிறது.

அப்படியானால் அந்த லட்சக்கணக்கான பிடில்களைச் செய்தவர்கள் யார்? பெரும்பகுதி ஜெர்மனிக்கும் பொஹீமியாவுக்கும் எல்லையாக இருக்கிற மலைப்பிரதேசத்திலிருந்து வந்தவை. எல்லைக்கு இந்தப் பக்கம், ஸாக்ஸனியில், மார்க்நாய்கிர்ஷென் என்ற ஊர். அந்தப் பக்கம், பொஹீமியாவில், ஷோன்பாக் என்ற ஊர். வாயில் நுழையச் சற்றுச் சிரமப்படும் பெயர்கள்தாம். ஆனாலும் வாசகர்கள் இவற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முற்றிலும் வேறான ஒரு வாத்தியத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போகும்போது, சுற்றிச் சுற்றி மறுபடியும் இங்கேதான் வந்து நிற்கப் போகிறோம்.

அந்த வாத்தியம் பேஸ் கிட்டார்.

சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி, இதற்கு நான்கு. தடித்த தந்திகள், மந்தர ஸ்தாயியில் பேசுகிறவை. மின்சாரம் இல்லாவிட்டால் இதன் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. மிருதங்கத்துக்குத் தொப்பி எப்படியோ, இக்காலத்துப் பாட்டுக்கு இது அப்படி. தனியாகக் கேட்டால் ஏதோ முனகுவது போல இருக்கும். இதை எடுத்துவிட்டாலோ பாட்டு தரையில் கால் பாவாமல் அந்தரத்தில் தொங்கும். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்த பிறகு, அவருடைய பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பெயர் தெரியாவிட்டாலும் இதன் குரல் தெரியும்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற நண்பர் ஒருவர் சில வருஷங்களுக்கு முன்னால் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். காலமாகிவிட்ட மூத்த வாத்தியக்காரர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. பிடில் வடிவம். பிடிலை நாலு மடங்கு பெருக்கிக் கழுத்தை நீட்டி விட்டாற்போல இருந்தது.

"சார், இது பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னி வச்சிருந்த அதே ஹோஃப்னர்னு சொல்றாங்க. அது நிஜமானா, இதை வித்தே நான் வீட்டு அட்வான்ஸ் கட்டிடலாம். நீங்கதான் பழைய சாமானைப் பாத்தா ஊர் பேரைச் சொல்லிடுவீங்களாமே!" என்றார்.

அவர் குரலில் விளையாட்டு இருந்தது, கண்ணில் இல்லை. வீட்டுக்காரர் கொடுத்த கெடு பத்து நாள் என்று பின்னால்தான் சொன்னார்.

வாத்தியத்தின் தலையில் பெயர் இல்லை. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் மட்டும் இருந்தன. எனக்கு அதில் வருத்தமில்லை. பெயர் இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும். இல்லாவிட்டால்தான் மற்றதையெல்லாம் பார்க்கும்.

முதலில் இளநீரைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பிடில் வடிவத்தில் பேஸ் கிட்டாரை 1953-ல் வெளியிட்டது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கிப்ஸன் கம்பெனி. ஆனால் அது கனமான மஹாகனிக் கட்டையில் செதுக்கியது. உள்ளே வெற்றிடம் கிடையாது. பிடிலில் இருக்கிற நெளிந்த துளைகளைக்கூட அதில் வர்ணத்தால் எழுதித்தான் காட்டியிருந்தார்கள். நண்பர் கொண்டுவந்தது குடம் போலக் கூடாக ஒலித்தது. கிப்ஸன் அல்ல. ஹோஃப்னரும் கூடானதுதான், கையில் எடுத்தால் பஞ்சு போல இருக்கும். நண்பருக்கு முகம் மலர்ந்தது.

அடுத்தபடி அதைக் குப்புறக் கவிழ்த்தேன். கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் ஓர் உலோகத் தகடு. அதில் நான்கு திருகாணிகள். ஹோஃப்னரில் அப்படி இராது. பிடிலுக்குச் செய்வது போலக் கழுத்தை உடலோடு பொருத்திப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கழுத்தைத் திருகாணி போட்டு முடுக்குகிற வழக்கத்தைப் பரப்பியவர் அமெரிக்காவில் 1951-ல் பேஸ் கிட்டாரை முதன் முதலாகச் சந்தைக்கு ஏராளமாகக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர். அவர் பிடில் செய்கிறவர் அல்லர். ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி வேறு பாகம் மாட்ட வேண்டும் என்பது ரேடியோக்காரர் புத்தி. கழுத்தை ஒட்டுவது தச்சன் புத்தி. ஒரு வாத்தியத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், அதைச் செய்தவர் எந்தப் பட்டறையில் வளர்ந்தவர் என்பது இப்படித் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதாக, மரம். ஹோஃப்னரின் முகப் பலகை ஸ்ப்ரூஸ் மரம்; முதுகும் பக்கங்களும் மேப்பிள். இதுவும் பிடில்காரர் வழக்கம்தான். நண்பருடையதில் முகம், முதுகு இரண்டுமே மேப்பிள் முகம் வைத்த ஒட்டுப் பலகை. கடைசியில், கழுத்துத் தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, தேய்ந்து போன எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்தது. வழக்கு முடிந்தது.

இந்த 'மேட் இன்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மானியச் சரக்குகள் உள்நாட்டுச் சரக்கு போல வேஷம் போட்டு வருகின்றன என்ற ஆத்திரத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1887-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1890-ல் இயற்றிய சுங்கச் சட்டத்தின் மூலம் அமெரிக்காவும், இறக்குமதியாகும் சாமான்களில் உற்பத்தியான நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று கட்டளையிட்டது. சாமானைக் கேவலப்படுத்தப் போட்ட முத்திரை, பின்னால் சாமானின் பெருமையாகிவிட்டது வேறு கதை. பழைய வாத்தியங்களை ஆராய்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் செய்த உபகாரம் பெரிது. செய்தவர் பெயரில் பொய் சொல்லலாம். சுங்கச் சாவடியில் நாட்டின் பெயரைப் பொய்யாகச் சொல்லுவது அவ்வளவு சுலபமல்ல. நாட்டின் பெயரோ சரித்திரத்தோடு மாறிக்கொண்டே வருவது. 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் 1918-க்குப் பிற்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. எழுதாத வருஷத்தை எழுதிய ஊர் சொல்லிவிடுகிறது.

ஜப்பானில் ஏன் இதைச் செய்தார்கள் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 1964 பிப்ரவரி 9-ந் தேதி இரவு பீட்டில்ஸ் கோஷ்டி அமெரிக்க டெலிவிஷனில் எட் ஸல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியது. கோடிக்கணக்கான ஜனங்கள் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து உலகத்திலுள்ள பையன்கள் எல்லோருக்கும் பிடில் வடிவத்தில் ஒரு பேஸ் கிட்டார் வேண்டியிருந்தது. ஜப்பானில் மாட்ஸுமோட்டோ நகரத்தையும் அதைப் போன்ற ஊர்களையும் சேர்ந்த ஆலைகள் வேலையில் இறங்கின. அவற்றில் பேர்பெற்ற மாட்ஸுமோகு என்பது, ஸிங்கர் தையல் மிஷினுக்கு மரப் பெட்டிகள் செய்து பழகிய ஆலை. நம் வீட்டுத் திண்ணைகளில் ஓடிய மிஷினின் உறவுக்காரர்கள்தாம் கிட்டாரும் செய்தார்கள். ஓர் ஆலையிலிருந்து புறப்படும் வாத்தியங்களுக்கு, வாங்குகிற வியாபாரி எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயர். ஸ்ட்ராடிவாரியின் சீட்டை ஒட்டிய அதே வியாபாரம், வேறு தேசத்தில், வேறு காலத்தில்.

"அப்போ இது ஒரிஜினல் இல்லையா, சார்?" என்றார் நண்பர்.

"நல்ல ஜப்பான் வேலை. வாங்கின விலைக்கு நஷ்டமில்லை. லட்சத்துக்கெல்லாம் போகாது" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு தந்திகளைச் சுருதி கூட்டினார். "நாதம் நல்லாத்தான் இருக்கு, சார். இதை வித்துட்டா வாசிக்கிறதுக்கு வேற தேடணும். அட்வான்ஸுக்கு வேற ஏதாவது வழி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய விசாரணை அத்துடன் முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஜப்பான்காரர்கள் ஹோஃப்னரைப் பார்த்துச் செய்தார்கள், சரி. ஹோஃப்னர் எதைப் பார்த்துச் செய்தது? மின்சாரத்தால் பேசுகிற வாத்தியத்துக்குப் பிடில் உருவம் எதற்கு? ஃபெண்டர் காட்டியபடி பலகையில் அறுத்தாலும் அது பேசத்தானே செய்யும்?

இதற்குப் பதில் சொல்ல, நாம் மறுபடியும் அந்த மலைப்பிரதேசத்துக்குப் போக வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் பொஹீமியாவில் புராட்டஸ்டண்ட் மதத்தினருக்கு வாழ முடியாத நிலைமை ஏற்பட்டது. கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசர்கள் மதம் மாறு, அல்லது வெளியேறு என்றார்கள். பிடில் செய்யும் தொழிலாளர் சிலர் உளியையும் அச்சையும் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி மார்க்நாய்கிர்ஷெனில் குடியேறினார்கள். 1677-ல் அவர்களில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடில் தச்சர் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். எல்லைக்கு அப்பால் இருந்துவிட்டவர்களும் தொழிலை விடவில்லை. இப்படி ஒரே தொழில், ஒரே பாஷை, நடுவில் ஓர் எல்லைக்கோடு என்று இரண்டு பக்கமும் வளர்ந்தது.

தொழில் நடந்த விதமும் விசித்திரமானது. முழுப் பிடிலை ஒருவரே செய்வது அபூர்வம். ஒரு வீட்டில் கழுத்தும் சுருளும் மட்டும் செதுக்குவார்கள். அடுத்த வீட்டில் முதுகு. மற்றொரு வீட்டில் குதிரை. இன்னொரு வீட்டில் பிருடை. பாகங்களை வியாபாரி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கச் சொல்லி, மெருகேற்றி, சீட்டு ஒட்டி, கப்பலேற்றுவார். நம் ஊர்ப் பாய் முடைகிறவர்களையும் பீடி சுற்றுகிறவர்களையும் போலத்தான். கூலி அவர்களுக்கு, பெயர் வியாபாரிக்கு, வியாபாரி வைத்த பெயரோ ஸ்ட்ராடிவாரிக்கு! ஏற்றுமதி எவ்வளவு பெருகிற்றென்றால், சின்ன ஊரான மார்க்நாய்கிர்ஷெனில் அமெரிக்கா தன் தூதரகக் கிளை ஒன்றையே திறந்து 1893-லிருந்து 1916 வரை நடத்தியது.

அந்த ஊரில் ஒரு சண்டையும் நடந்தது. கிட்டார் செய்யும் உரிமை யாருக்கு என்ற சண்டை. கிட்டார் செய்தவர்கள் மேஜை நாற்காலி செய்யும் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது, வாத்தியம் என்றால் எங்களுக்குத்தான் என்று பிடில் தச்சர்கள் வழக்காடினார்கள். மனம் கசந்து போன கிட்டார்காரர் ஒருவர் 1833-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர்தான் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின். அமெரிக்கக் கிட்டார்களிலே கீர்த்தி பெற்ற மார்ட்டின் கிட்டாரின் மூல புருஷர்.

ஷோன்பாக் பக்கம் வருவோம். கார்ல் ஹோஃப்னர் என்ற பிடில் தச்சர் அங்கே 1887-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். பிரிட்டனில் முத்திரைச் சட்டம் வந்த அதே வருஷம். ஜோசப், வால்டர் என்ற இரண்டு பிள்ளைகளும் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு தொழிலில் சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டை விட்டு நகரவில்லை. ஆனால் தேசம் அவர்களைக் கடந்து நகர்ந்துகொண்டே இருந்தது. 1918 வரை ஆஸ்திரியா, அப்புறம் செக்கோஸ்லோவாகியா, 1938-ல் மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹிட்லரின் ஜெர்மனி. ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே உளியால் செதுக்கிய வாத்தியங்களுக்கு மூன்று நாட்டு முத்திரை.

இந்த இடத்தில் கதையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்லக் கூடாது. 1938-ல் அந்தப் பிரதேசத்து ஜெர்மானியர்களில் மிகப் பலர் ஹிட்லரின் படையைப் பூத்தூவி வரவேற்றார்கள். அதே வாரங்களில் செக்கர்களும் யூதர்களும் அங்கிருந்து ஓடிப்போக வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆறு வருஷக் கொடுமையை உலகம் அறியும். யுத்தம் 1945-ல் முடிந்தபோது செக்கோஸ்லோவாகியா கணக்குத் தீர்த்துக்கொண்டது. சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பூத்தூவியவர் யார், தூவாதவர் யார் என்று அந்தக் கணக்கில் பிரித்துப் பார்க்கவில்லை. 1945-லும் 1946-லும் ஆளுக்கு 30 கிலோவிலிருந்து 50 கிலோ வரை மூட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறும்படி உத்தரவாயிற்று. துணி எடுத்துக்கொள்வதா, பாத்திரம் எடுத்துக்கொள்வதா, உளி எடுத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு வீட்டிலும் தராசில் வைத்துப் பார்த்திருப்பார்கள். பிடிலுக்கு வேண்டிய மரத்தை வருஷக்கணக்கில் உலர்த்த வேண்டும். தகப்பன் அறுத்து அடுக்கி வைத்த பலகையில் மகன் வேலை செய்வான். அந்தப் பலகைகள் எந்த மூட்டையில் அடங்கும்? அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தொழில் தெரிந்த சிலரை மட்டும் அரசாங்கம் நிறுத்தி வைத்துக்கொண்டது. பட்டறைகள் நாட்டுடைமையாயின, அந்த ஸ்தாபனத்துக்கு வைத்த பெயர் 'கிரெமோனா'. ஊரின் பெயரும் பின்னர் லூபி என்று ஆகிவிட்டது.

ரயிலில் போனவர்களில் பெரும்பாலோர் பவேரியாவில், எர்லாங்கன் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இறங்கினார்கள். சிதறிப் போய்விட்டால் தொழில் செத்துவிடும். ஏனென்றால் கழுத்து செதுக்குகிறவனுக்கு முதுகு செதுக்குகிறவன் அடுத்த தெருவில் இருந்தாக வேண்டும். முதலில் ஒரு கிராமத்தில் குடியேற்ற நினைத்த திட்டம் நிறைவேறவில்லை. பிறகு பூபன்ராய்ட் என்ற சிற்றூர் அவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அந்த ஊரின் ஜனத்தொகை அப்போது சுமார் நானூறு. வந்து சேர இருந்தவர்களோ அதைப் போலப் பல மடங்கு. 1949-ல் அங்கே பிடில் தச்சர் குடியிருப்புக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். யுத்தத்தில் தோற்று, சோற்றுக்கே பங்கீட்டு அட்டை வைத்திருந்த தேசத்தில், நானூறு விவசாயிகள் உள்ள ஒரு கிராமம், தன்னைவிடப் பெரிய அந்நிய ஜனக்கூட்டத்தை உள்ளே வா என்று சொன்னது சாமானியமான காரியமல்ல. உலக சரித்திரத்தில் இதற்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

அந்தப் பூபன்ராய்டில்தான், 1955-ல், வால்டர் ஹோஃப்னர் பேஸ் கிட்டார் ஒன்றை உருவாக்கினார். அடுத்த வருஷம் ஃபிராங்பர்ட் சந்தையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அதன் எண் 500/1. மேலே நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவருக்குப் பிடில் உருவம் ஓர் அலங்காரம் அல்ல. அவர் கைக்குத் தெரிந்த உருவம் அதுதான். கூடாகச் செய்யவும், வளைக்கவும், ஸ்ப்ரூஸையும் மேப்பிளையும் சேர்க்கவும், கழுத்தை ஒட்டவும் அந்த ஊர்க்காரர்கள் முந்நூறு வருஷமாகப் பழகியிருந்தார்கள். பலகையும் பட்டறையும் போய்விட்டன. மூட்டையில் நிறுக்க முடியாத ஒன்று மட்டும் தராசுக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தது. கிட்டார் செய்கிறவனோடு வழக்காடிய பிடில் தச்சர்களின் வம்சம், காலம் போன போக்கில், பிடிலையே கிட்டாராகச் செய்து பிழைத்தது.

1961-ல் ஹாம்பர்க் நகரத்தில், லிவர்பூலிலிருந்து வந்து இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி என்ற வாலிபர் ஸ்டைன்வே கடையில் இந்த மாதிரியில் ஒன்றை வாங்கினார். விலை சுமார் 30 பவுன். ஃபெண்டர் வாங்க அவரிடம் பணம் இல்லை. தவிர, அவர் இடது கைக்காரர். பிடில் இரண்டு பக்கமும் ஒன்று போல இருப்பதால், இடது கையில் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது. பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டுக்களில் கேட்பது அதன் குரல்தான். 1963-ல் அதே மாதிரியில் இன்னொன்று அவரிடம் வந்து சேர்ந்தது. முதல் வாத்தியத்தை 1964-ல் பழுது பார்த்து, புது வர்ணம் பூசினார்கள்.

பிறகு அந்த முதல் வாத்தியம் காணாமல் போயிற்று. 1969-ல் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து போயிற்று என்று வெகு காலம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஹோஃப்னர் வாத்தியங்களை நன்கறிந்த நிக் வாஸ் என்பவர் 2018-ல் அதைத் தேட ஆரம்பித்தார். பத்திரிகையாளர்களான ஒரு தம்பதியும் பின்னர் சேர்ந்துகொண்டார்கள். பொதுஜனங்களிடம் விசாரித்ததில், 1972 அக்டோபர் 10-ந் தேதி லண்டனில் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியிலிருந்து அது திருட்டுப் போனது என்று தெரிய வந்தது. திருடினவன் அதை அந்தப் பேட்டையிலேயே ஒரு மதுக்கடைக்காரரிடம் தள்ளிவிட்டானாம். கடைசியில் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரத்தில், ஒரு வீட்டுப் பரணில், பெட்டியோடு இருந்தது அகப்பட்டது. 2024 பிப்ரவரியில் செய்தியை வெளியிட்டார்கள்.

அதுதான் இது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? தலையிலிருந்த பெயரை வைத்து அல்ல. அந்தப் பெயர் ஆயிரக்கணக்கான வாத்தியங்களில் இருக்கிறது. இடது கைக்காக அமைந்தது. ஒலியை வாங்கும் இரண்டு பிக்கப்புகளும் கழுத்தையொட்டி அருகருகே அமைந்த ஆரம்ப கால மாதிரி. 1964-ல் பூசிய வர்ணம். அப்போது பிக்கப்புகளைத் தாங்குவதற்காகச் செய்து பொருத்திய மரச் சட்டம். பழுது பார்த்த அடையாளங்கள்தாம் சாட்சி சொல்லின. திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தாய் முழங்கால் தழும்பைப் பார்த்துத்தானே அடையாளம் கண்டுபிடிக்கிறாள்!

இனி ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஷோன்பாக்கிலிருந்து வந்த அகதிகளில் ஃப்ரெட் வில்ஃபர் என்று ஒருவர். ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1946-லேயே எர்லாங்கனில் ஃப்ரேமஸ் என்ற வாத்தியக் கம்பெனியைத் தொடங்கினார். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் பில் வைமன் வாசித்த பேஸ் கிட்டார்களில் ஃப்ரேமஸும் ஒன்று. அவருடைய மகன் ஹான்ஸ் பீட்டர் வில்ஃபர் 1982-ல் வார்விக் என்ற பெயரில் பேஸ் கிட்டார் செய்யத் தொடங்கினார். பெர்லின் சுவர் விழுந்து, இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, 1995-ல் அவர் தம் தொழிலகத்தைக் கட்டிச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றினார். அந்த ஊர் மார்க்நாய்கிர்ஷென். 1677-ல் பன்னிரண்டு அகதிகள் சங்கம் வைத்த அதே ஊர். அங்கிருந்து தகப்பனார் பிறந்த ஷோன்பாக், எல்லைக்கு அப்பால், காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் நடந்து போய்விடக் கூடிய தூரம்.

அங்கே செய்த பேஸ் கிட்டார்களில் 'மேட் இன் ஜெர்மனி' என்று எழுதியிருக்கும். என்றைக்காவது, எங்கோ ஓர் ஊரில், பழைய சாமானாக ஒருவர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். நாட்டின் பெயர் தெரியும். நடந்து வந்த வழி தெரியாது. அதற்கு அவர் மரத்தைத்தான் கேட்க வேண்டும்.